கிண்ணம் உடைந்தால் என்ன சொல்ல வேண்டும்? சீனப் புத்தாண்டு விலக்குகள் பற்றி ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது இது. உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் புத்தாண்டுக்குத் தன் ஊரான ஃபோஷானுக்கு வீட்டோடு தங்க அழைத்திருக்கிறார். போவதற்கு முன் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம் என்று தேடினால், வீடு கூட்டக்கூடாது, முடி வெட்டக்கூடாது, நான்கு என்று சொல்லக்கூடாது, கடிகாரம் பரிசளிக்கக்கூடாது என்று ஒரே ‘கூடாது’ மயம். எல்லாவற்றுக்கும் பின்னால் நியான் என்ற பூதத்தின் கதை வேறு. “இதையெல்லாம் அவர்கள் உண்மையிலேயே நம்புகிறார்களா?” என்று முடித்திருக்கிறீர்கள். பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வீட்டுப் பாட்டி முந்தின நாள் இரவு துடைப்பத்தை எடுத்து ஒளித்து வைக்கும்போது அவர் மனதில் என்ன இருக்கிறது, அதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ளப் பார்க்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் பதினோரு ஆண்டுகள் குவாங்சோவில் இருந்தேன். முதலில் மாண்டரின் படிக்கப் போனேன், பிறகு மொழிபெயர்ப்பு வேலை. வகுப்பில் பொதுச் சீன மொழியான மாண்டரின், தெருவிலும் குடியிருந்த வீட்டிலும் அந்தத் தென்பகுதிப் பேச்சான கேண்டனீஸ். ஃபோஷான் அங்கிருந்து பக்கத்து ஊர்தான், பேச்சும் அதேதான். ஆகவே தெற்கைப் பற்றிச் சொல்வது பார்த்துப் பழகியது. வட சீனாவைப் பற்றிச் சொல்வது படித்ததும், அங்கிருந்து வந்த நண்பர்களிடம் கேட்டதும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஏனென்றால் இணையப் பட்டியல்களில் நடக்கிற பெரிய தவறே, ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் இரண்டு ஊர்களின் வழக்கத்தை ஒரே வீட்டில் கொண்டுவந்து போடுவதுதான்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. புத்தாண்டு விலக்குகளில் மிகப் பலவற்றுக்குக் காரணம் பூதமோ கிரகமோ இல்லை, ஒலி. மாண்டரினில் தொனியை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தை, கணக்கில் எடுக்காவிட்டால் மொத்தம் 400 சொச்சம் அசைகள்தான் இருக்கின்றன. அத்தனை சொற்களும் அதற்குள் அடங்க வேண்டும். அதனால் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் எக்கச்சக்கம். மீனுக்கு ‘யூ’, மிச்சம் மீதி என்பதற்கும் ‘யூ’. அதனால் புத்தாண்டு இரவு மேசையில் மீன் இருந்தே ஆக வேண்டும், அதை முழுக்கத் தின்று தீர்க்கவும் கூடாது, ஆண்டு முழுவதும் வீட்டில் மிச்சம் இருக்க வேண்டுமே. ‘ஃபூ’ என்றால் நல்லூழ். அந்த எழுத்தைச் சிவப்புத் தாளில் எழுதிக் கதவில் தலைகீழாக ஒட்டுவார்கள். தலைகீழ் என்பதற்கும் வந்து சேர்ந்தது என்பதற்கும் ‘தாவ்’ என்றே ஒலி. பார்ப்பவர் “ஃபூ தலைகீழாக இருக்கிறதே” என்று சொன்னால் “நல்லூழ் வந்துவிட்டதே” என்று அவர் வாயாலேயே சொன்னதாக ஆகிவிடும். கெட்ட பக்கமும் அப்படியே. கடிகாரம் பரிசளிப்பது ‘ஸோங் ஜோங்’. சாகக் கிடப்பவரின் அருகிலிருந்து வழியனுப்புவதும் ‘ஸோங் ஜோங்’. ஆனால் கைக்கடிகாரத்துக்கு வேறு சொல் என்பதால் அதைத் தரலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பேரிக்காயை இருவர் வெட்டிப் பகிர்ந்து தின்பதும் பிரிந்து போவதும் ‘ஃபென் லீ’ என்றே ஒலிப்பதால் தம்பதிகள் பேரிக்காயைப் பகிர மாட்டார்கள்.

நம் மொழியிலும் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. தகுதி வழக்கில் மங்கலம் என்று பள்ளியில் படித்திருப்போம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘போயிட்டு வர்றேன்’ என்கிறோமே, அந்த மனதுதான். கேண்டனீஸில் காலி என்பதற்கு ‘ஹுங்’, கேடு என்பதற்கும் ‘ஹுங்’. அதனால் வாடகைக்கு விடும் காலி வீட்டைக் காலி வீடு என்று சொல்ல மாட்டார்கள். ‘காட் உக்’, அதாவது மங்கல வீடு என்பார்கள். அரிசி தீர்ந்துபோனால் ‘நிறைஞ்சிருக்கு’ என்று சொல்லும் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பஞ்சாங்கத்துக்கும் அங்கே இதே கதி. அதன் பெயர் ‘துங் ஷு’. ஆனால் ‘ஷு’ என்றால் புத்தகம், தோல்வியும் ‘ஷு’. எல்லாம் தோல்வி என்று ஒலிக்கும் ஒன்றை எப்படி வீட்டில் வைப்பது? ‘துங் ஸிங்’, எல்லாம் வெற்றி என்று பெயரையே மாற்றிவிட்டார்கள். புத்தாண்டுக்கு யாருக்கும் புத்தகம் பரிசளிக்காதீர்கள் என்பதற்கும் காரணம் இதுதான், முக்கியமாகச் சீட்டாடுகிறவருக்கு.

குவாங்சோவில் என் முதல் புத்தாண்டு முன்னிரவை மறக்க முடியாது. குடியிருந்த வீட்டின் உரிமையாளர் குடும்பம் சாப்பிட அழைத்திருந்தது. பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த வட்ட மேசையில் சூப் கிண்ணம் என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. ஒரு கணம் எல்லாரும் உறைந்துபோனார்கள். அடுத்த கணம் வீட்டுப் பாட்டி சத்தமாகச் சொன்னார்: “லோக் தேய் ஹோய் ஃபா, ஃபு குவாய் விங் வா.” தரையில் விழுந்து பூத்தது, செல்வமும் சிறப்பும் என்று பொருள். உடனே மருமகள் “ஸோய் ஸோய் பிங் ஓன்” என்றார். ஆண்டுக்கு ஆண்டு அமைதி என்பது அதன் பொருள். ஆண்டு என்பதற்கும் உடைதல் என்பதற்கும் ஒலி ஒன்றுதான். மாண்டரினிலும் இது பொருந்தும், அங்கே ‘ஸுய் ஸுய் பிங் ஆன்’. சில்லுகளைப் பாட்டி சிவப்புத் தாளில் பொதிந்து மூலையில் வைத்தார். எனக்கு வேறு கிண்ணம் வந்தது. மேசையில் மறுபடி சிரிப்பு. ஒலியால் வந்த கட்டு ஒலியாலேயே அவிழ்ந்தது. இந்த விலக்குகளைப் பற்றி நான் படித்த எல்லாவற்றையும்விட அந்த அரை நிமிடத்தில் கற்றது அதிகம். விலக்கு என்று ஒன்று இருந்தால் அதற்குப் பரிகாரச் சொல்லும் கூடவே இருக்கிறது, அந்தச் சொல்லும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

எண்களும் இந்த வகைதான். நான்குக்கும் சாவுக்கும் அசை ஒன்று, தொனி மட்டும் வேறு. மாண்டரினில் ‘ஸு’, கேண்டனீஸில் ‘ஸேய்’. ஹாங்காங்கில் சில கட்டடங்களின் மின்தூக்கியில் 4, 14, 24 என்ற பொத்தான்களே இருக்காது. எட்டு நல்ல எண்ணாக ஆனது தெற்கின் வேலை. கேண்டனீஸில் எட்டு ‘பாட்’, செழித்தல் ‘ஃபாட்’. மாண்டரினில் ‘பா’வும் ‘ஃபா’வும் அவ்வளவு ஒட்டவில்லை. ஆனால் 1980களுக்குப் பிறகு ஹாங்காங் பணமும் குவாங்சோ இருக்கும் குவாங்டாங் மாகாணத்து வியாபாரமும் வடக்கே போனபோது எட்டும் கூடவே போனது. 2008 ஆகஸ்ட் 8 இரவு 8 மணிக்கு பெய்ஜிங் ஒலிம்பிக் தொடங்கியது அதன் உச்சம்.

சரி, இப்போது நியான் பூதம். ஆண்டுக் கடைசியில் ஒரு பூதம் வந்து ஆட்களைத் தின்னும், அதற்குச் சிவப்பும் வெடிச் சத்தமும் பிடிக்காது, அதனால்தான் சிவப்புத் தாளும் பட்டாசும் என்று எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லித் தருகிறார்கள். பழைய சீன நூல்களில் இந்தப் பூதம் இல்லை. எழுத்தில் அது தலைகாட்டுவது 20ஆம் நூற்றாண்டில்தான். ‘நியான்’ என்ற எழுத்தின் மிகப் பழைய வடிவம் ஒரு ஆள் கதிரைச் சுமப்பது. சுமார் கி.பி. 100இல் தொகுத்த அகராதி அதற்குத் தானியம் முற்றுதல் என்றே பொருள் தருகிறது. ஓர் அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் இடைப்பட்ட காலம் ஆண்டு, அவ்வளவுதான். ஆனால் வெடி பழையது. 6ஆம் நூற்றாண்டில் சோங் லின் என்பவர், இன்றைய ஹூபேய், ஹூனான் பகுதியின் பண்டிகைகளைப் பற்றி எழுதிய நூலில், ஆண்டின் முதல் நாள் சேவல் கூவியதும் எழுந்து முற்றத்தில் மூங்கிலைத் தீயிலிட்டு வெடிக்க வைப்பார்கள், மலையிலிருந்து வரும் தீய ஆவிகளை அது விரட்டும் என்கிறார். பச்சை மூங்கிலின் கணுக்களுக்குள் அடைபட்ட காற்று சூடேறிப் படாரென்று வெடிக்கும். வெடிமருந்து வந்த பிறகும் பட்டாசின் பெயர் ‘வெடிக்கும் மூங்கில்’ என்றே நிலைத்துவிட்டது. ஆக வழக்கத்துக்கு வயது ஆயிரத்தைத் தாண்டும், அதை விளக்கும் கதைக்கு ஏறக்குறைய நூறு. மங்கோலியரை எதிர்த்து எழ, நடு இலையுதிர்த் திருவிழாவின் நிலா கேக்குக்குள் ரகசியக் கடிதம் வைத்து அனுப்பினார்கள் என்ற கதையும் அப்படித்தான். அழகான கதை, வரலாற்று ஆதாரம் கிடையாது.

துடைப்பத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. ஒரு வியாபாரிக்கு ஏரியை ஆளும் தேவன் ஒரு பணிப்பெண்ணைத் தருகிறான். அவள் பெயர் ‘ரூயுவான்’, விரும்பியபடி என்று பொருள். அவள் வந்ததிலிருந்து கேட்டதெல்லாம் கிடைக்கிறது, செல்வம் கொழிக்கிறது. ஒரு புத்தாண்டு அன்று அவள் தாமதமாக எழுந்தாள் என்று அவன் அடிக்கிறான். அவள் ஓடிப்போய்க் குப்பைக் குவியலுக்குள் மறைந்துவிடுகிறாள், அவன் ஏழையாகிறான். முதல் நாள் குப்பையைக் கூட்டி வெளியே தள்ளினால் செல்வமும் போய்விடும் என்ற எண்ணத்துக்கும் இந்தக் கதைக்கும் உறவு இருப்பது தெளிவு. கதையிலிருந்து வழக்கம் வந்ததா, இருந்த வழக்கத்துக்குக் கதை பொருந்தியதா என்பதில்தான் கருத்து வேறுபாடு. இரண்டாவதுதான் என்பது என் எண்ணம். ஒன்றை மட்டும் நான் நேரில் பார்த்தேன். முதல் நாள் கூட்டாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அதற்கு முந்தின வாரம் முழுவதும் வீட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள். பெண்களுக்கு ஆண்டில் துடைப்பத்தைத் தொடாத நாள் என்று ஒன்று கிடைப்பதும் இதனால்தான்.

முடி வெட்டும் விஷயத்தில் இரண்டு ஊர் கலந்துவிட்டது. சந்திர ஆண்டின் முதல் மாதம் முடி வெட்டினால் தாய்மாமன் சாவான் என்பது வடக்கின் சொல். இதற்குச் சொல்லும் விளக்கம் இது: 1645இல், சீனாவைப் புதிதாகப் பிடித்திருந்த மஞ்சு அரசு எல்லா ஆண்களும் முன்தலையை மழிக்க வேண்டும் என்று ஆணையிட்டபோது, பழையதை நினைத்து வருந்திய மக்கள் ஒரு மாதம் மழிக்காமல் இருந்தார்கள். ‘பழையதை நினைத்தல்’ என்பதன் ஒலி ‘மாமன் சாவு’ என்பதற்கு அருகில் இருந்ததால் காலப்போக்கில் பொருள் மாறியது. கேட்கப் பொருத்தமாக இருக்கிறது, ஆனால் ஆணை பிறந்த காலத்துச் சான்று எதையும் இதற்கு யாரும் காட்டுவதில்லை. நான் இதை ஊகம் என்ற அளவில்தான் வைத்திருக்கிறேன். வடக்கில் இரண்டாம் மாதம் இரண்டாம் நாள், ‘டிராகன் தலைதூக்கும் நாள்’ அன்று முடிதிருத்தும் கடைகளில் வரிசை நிற்பது மட்டும் கண்கூடு. நீங்கள் போகும் ஊரில் மாமன் பேச்சு பெரிதாக இல்லை. அங்கே முடி என்பதற்கும் செழித்தல் என்பதற்கும் ‘ஃபாட்’ என்பதால் முதல் நாள் தலை குளிக்க மாட்டார்கள். புறப்படும் முன்பே முடி வெட்டிக்கொண்டு போங்கள், இரண்டு ஊர்க் கணக்கும் சரியாகிவிடும்.

எல்லாவற்றையும் ஒலியில் அடக்கிவிட முடியாது என்பதற்காகப் புத்தாண்டிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் ‘துவான்வூ’, படகுப் போட்டி நடக்கும் பண்டிகை. இதன் அடியில் இருப்பது கோடையின் பயம். வெயில் ஏறும், பூச்சி பெருகும், நோய் பரவும் மாதம் என்பதால் அதைத் தீய மாதம் என்றே அழைத்தார்கள். பாம்பு, தேள், பூரான், தேரை, பல்லி என ஐந்து நச்சுகளை ஓட்ட வாசலில் மாசிபத்திரியும் வசம்பும் கட்டுவார்கள். குழந்தைகளின் நெற்றியில், மனோசிலை கலந்த மதுவைத் தொட்டுப் புலியைக் குறிக்கும் எழுத்தை வரைவார்கள். (மனோசிலை ஆர்சனிக் சேர்ந்தது. யாராவது மரபு என்று குடிக்கக் கொடுத்தால் கண்டிப்பாகக் குடிக்காதீர்கள்.) கி.மு. 278 வாக்கில் மிலுவோ ஆற்றில் விழுந்து உயிர்விட்ட கவிஞர் சூ யுவானின் நினைவாக வந்த பண்டிகை என்றே பள்ளியில் சொல்கிறார்கள். அவர் வரலாறு உண்மை. ஆனால் அவரை இந்த நாளோடு இணைக்கும் எழுத்துகள் சில நூற்றாண்டுகள் பிந்தியவை. சூஜோ பக்கம் இதே நாளை வூ ஸுஷு என்ற அமைச்சருக்கு உரியதாகச் சொல்கிறார்கள். பயம் முதலில், நாயகன் பிறகு என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் பார்வை.

இந்த நாளில் பிறந்த பிள்ளை வாசல் உயரம் வளர்ந்ததும் பெற்றோரைக் கொல்லும் என்று நம்பினார்கள். சீனாவின் பெரிய வரலாற்றாசிரியர் சிமா சியென் கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியைப் பதிந்திருக்கிறார். தியென் வென் என்ற பிள்ளை அன்றைக்குப் பிறந்தான், வளர்க்காதே என்று தந்தை உத்தரவிட்டார், தாய் ரகசியமாக வளர்த்தாள். பையன் பெரியவனானதும் தந்தை முன் வந்து நிற்கிறான். மனிதனுக்கு விதியைத் தருவது வானமா, வாசலா என்று கேட்கிறான். தந்தை பேசவில்லை. வானம் என்றால் நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை, வாசல் என்றால் வாசலை உயர்த்திக் கட்டுங்கள், அதன் உயரத்துக்கு யார் வளரப்போகிறார்கள் என்றான். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் மெங்சாங் பிரபு என்று புகழ்பெற்ற அமைச்சர். சீனர்கள் காலங்காலமாகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த வாசல்தான் நினைவுக்கு வரும். கேள்வி கேட்டவர்களும் அதே காலத்தில், அதே வீட்டுக்குள் இருந்தார்கள்.

ஏழாம் மாதம் பசித்த ஆவிகளின் மாதம். அது தனிப் பதிலாக எழுத வேண்டிய அளவு பெரியது. இங்கிருந்து போன பௌத்தமும் புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர் தன் தாயை மீட்ட கதையும் அதில் கலந்திருக்கின்றன. அங்கே விலக்குகளில் விளையாட்டு இல்லை, ஏனென்றால் நினைவில் இருப்பது சொந்தத் தாய் தந்தை.

இப்போது உங்கள் கேள்விக்கே வருகிறேன், நம்புகிறார்களா? மூடநம்பிக்கை என்ற பொருளில் இன்று புழங்கும் ‘மீஷின்’ என்ற சீனச் சொல், சுமார் நூறு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ஜப்பானிய எழுத்துகள் வழியாக அங்கே வந்தது. அதை வைத்து அரசுகள் பல முறை இந்தப் பண்டிகையை அடக்கப் பார்த்தன. 1967இல் புத்தாண்டு விடுமுறையே ரத்தானது, 1980இல்தான் திரும்பியது. வீட்டுக்குள் நான் கேட்டது வேறு சொற்கள். ஒன்று ‘ஜியாங்ஜியூ’, ஏறக்குறைய ‘முறை பார்ப்பது’ என்று சொல்லலாம். இன்னொன்று ‘தூ கெ ஜிலி’, ஒரு நல்லதுக்காக. “நம்புகிறாயா?” என்று கேட்டால் என் நண்பர்களில் பலர் சிரித்து இல்லை என்பார்கள். அதே ஆள் நான்காம் மாடியில் வீடு வாங்க மாட்டார். இதில் பொய்யோ முரணோ இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சொல்வது நல்லதாக இருக்கட்டும், செய்வது வீட்டில் பெரியவர்கள் மனம் நோகாமல் இருக்கட்டும் என்பதற்கு நம்பிக்கை தேவைப்படுவதில்லை.

ஆனால் இது வீட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. பிப்ரவரி 4 வாக்கில் வரும் வசந்தத் தொடக்க நாள் விழாத சந்திர ஆண்டை விதவை ஆண்டு என்று சொல்லித் திருமணம் தவிர்ப்பார்கள். 2024 பிப்ரவரி 10இல் தொடங்கிய டிராகன் ஆண்டு அப்படிப்பட்டது. 2023இல் 76.8 லட்சமாக இருந்த திருமணப் பதிவு 2024இல் 61 லட்சமாக விழுந்தது. அதே டிராகன் ஆண்டு பிள்ளை பெற நல்லது என்பதால் பிறப்பு 90.2 லட்சத்திலிருந்து 95.4 லட்சமாக ஏறியது. எண்கள் அரசு வெளியிட்டவை, அதில் ஐயமில்லை. காரணம் நம்பிக்கைதானா என்பதில் நிதானம் வேண்டும். கொரோனா கட்டுப்பாடுகளால் தள்ளிப்போன திருமணங்கள் 2023இல் குவிந்தன, அவற்றின் பிள்ளைகள் அடுத்த ஆண்டு பிறந்தன, மணவயது இளைஞர் தொகையும் குறைந்து வருகிறது. நம்பிக்கைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

ஃபோஷானில் உங்களுக்கு உதவக்கூடியவை கொஞ்சம்தான். வெள்ளையோ கறுப்போ முழுக்க உடுத்தாதீர்கள். ஆரஞ்சுப் பழங்களை இரட்டையாகக் கொண்டுபோங்கள், நான்காக வேண்டாம். சிறிய ஆரஞ்சுக்குக் கேண்டனீஸில் ‘காட்’ என்று பெயர், மங்கலமும் ‘காட்’தான். மீனைத் தட்டில் புரட்டிப் போடாதீர்கள். இதற்கு ஒலி காரணமில்லை, மீன் கவிழ்ந்தால் படகு கவிழும் என்பது கடலோர மக்களின் எண்ணம். மூன்றாம் நாள் யார் வீட்டுக்கும் போக வேண்டாம், அன்று போனால் சண்டை வரும் என்பார்கள். முதல் நாள் நோய், மருத்துவமனை, சாவு பற்றிய பேச்சு எடுக்காதீர்கள். சிவப்பு உறை கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குங்கள், அவர்கள் எதிரில் பிரிக்காதீர்கள். மணமானவர் மணமாகாதவருக்குத் தருவது அங்கே முறை. நீங்கள் மணமானவர் என்றால் வீட்டுக் குழந்தைகளுக்குத் தர நீங்களும் புது நோட்டுகள் போட்டுச் சில உறைகள் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது நீங்கள் கொண்டுபோன ஆரஞ்சில் இரண்டைப் பாட்டி திரும்ப உங்கள் பையில் வைப்பார். வேண்டாம் என்று மறுக்காதீர்கள், விருந்தினரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பதும் அவருடைய பட்டியலில் இருக்கிறது.